டிரோனை ஓட்டுவது யார்

நவம்பர் 8, சனி

காலையில் மழை இல்லை. லேசான வெயில். கொட்டச்சேடு போகும் வழியில் இருக்கும் பள்ளிக்கூட மைதானம் காலி. கம்ப்யூட்டரில் சிமுலேட்டரில் பழகியது போதும், இன்று நிஜ டிரோனையே ஓட்டிவிடுவது என்று போனோம். நானும் என் வீட்டுக்காரர் சகாயமும் (இனி ச.).

வாங்கியது அவர். ஆசையும் அவருடையதுதான். கல்யாண வீடியோ எடுக்கிறவர்கள் எல்லோரும் இப்போது இதை வைத்திருக்கிறார்களாம். டிரோன் பார்ப்பதை அப்படியே காட்டும், கண்ணை முழுக்க மூடும் காகிள்ஸை மாட்டிய முதல் நாளே அவருக்கு வாந்தி. அடுத்தடுத்த நாட்களும் அதே. “நீ பழகு லீமா” என்று என் தலையில் கட்டிவிட்டார். அவர் எடுத்து வரும் கல்யாண வீடியோக்களை வீட்டில் உட்கார்ந்து எடிட் செய்துகொண்டிருந்தேன். இப்போது இதுவும்.

மேனுவல் மோட். ரிமோட்டின் ஸ்டிக்கை விட்டால் டிரோன் தானாக நிமிராது. சாய்ந்தது சாய்ந்தபடியே போய்க்கொண்டிருக்கும். உயரத்தையும் நான்தான் பிடித்து வைக்க வேண்டும். சிமுலேட்டரில் வந்தது. இங்கே விரலெல்லாம் கல். மேலே போனது, சாய்ந்தது, புல்லில் குப்புற.

மறுபடி. குப்புற.

மறுபடி. கோல்போஸ்ட்.

றெக்கை நாலும் போச்சு. பின்னாலிருந்து ச. விடாமல், “மெதுவா, மெதுவா. ஏன் இப்பிடிப் பண்ற?” மாட்டினால் வாந்தி எடுக்கிறவர் எனக்குச் சொல்லித் தருகிறார்.

வாங்க: றெக்கை, இன்சுலேஷன் டேப், துவரம் பருப்பு, அம்மாவுக்குத் தைலம்.

நவம்பர் 9, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து அதே மைதானம். மேகமூட்டம். இன்று தேவலை. ஒரு முழு வட்டம் அடித்தேன்! கீழே என் தலையையே நான் பார்த்தேன். முடி வாரியது சரியில்லை.

காகிள்ஸுக்குள் இருந்தால் சுற்றி நடப்பது எதுவும் தெரியாது. ஆள், மாடு, மரம் எது வந்தாலும் பக்கத்தில் நிற்பவர் சொல்ல வேண்டும். அது ச.வின் வேலை. டிரோன் எங்களை நோக்கித் திரும்பி வரும்போது கத்தினார். “மரம்! வலது, வலது!” வலது பக்கம் திருப்பினேன். நேராக மரத்தில்.

அது எங்களைப் பார்த்து வருகிறது. அவருடைய வலது அதற்கு இடது. இதைக்கூட யோசிக்காமல் என்ன கத்தல்.

பக்கத்து எஸ்டேட்டின் சில்வர் ஓக் மரம். உச்சிக் கிளையில் போய் மாட்டிக்கொண்டது. காப்பிச் செடிகளுக்குள் நுழைந்து கண்டுபிடிப்பதற்குள் காலெல்லாம் அட்டை. மிளகு பறிக்க வரும் பழனிசாமி மரமேறி எடுத்து வந்தார். நேராக ச.விடம் நீட்டினார்.

“ஏனுங்ணா, உங்குளுதுங்களா? நொம்ப ஒசரத்துல மாட்டிக்கிச்சுங்க. பாத்து ஓட்டோணுமுங்க.”

“ஆமாங்க” என்று சிரித்தார் ச. காகிள்ஸை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறேன் நான்.

வண்டியில் வரும்போது கேட்டேன். “வலதுன்னு சொன்னது உங்க வலதா, அதோட வலதா?”

“வலதுன்னா வலதுதான்.”



நவம்பர் 11, செவ்வாய்

விடாத மழை. அடிபட்ட மோட்டாரைக் கழற்றி வேறு மாட்டினேன். சால்டரிங் புகையில் இருமல்.

பருப்பு வேகும்போது ஹாலில் ச. போனில். வாழவந்திப் பக்கம் புதிதாகத் திறக்கப் போகும் ரிசார்ட்டின் மேனேஜரோடு. பாறை உச்சியிலிருந்து குப்புற இறங்கி, மரங்களுக்கு நடுவே புகுந்து, நீச்சல்குளத்துக்கு மேலே வர வேண்டுமாம். ஒரே ஷாட்.

“ஆமாங்க, நாந்தாங்க ஓட்டறன். சனிக்கெழம வந்தர்றங்க.”

பருப்பு அடிப்பிடித்தது.

ஏன் பொய் சொன்னீர்கள் என்று போய்க் கேட்டேன். அவர், “அவங்களுக்கு அதெல்லாம் எதுக்கு லீமா? வேலை வரட்டும்.”

“நான் ஓட்டறன்னு சொன்னா வராதுங்களா?”

காயாத சட்டையை மடித்துக்கொண்டே அவர், “இத்தன வருசமா கேமரா புடிக்கறவன். எனக்குத் தலை சுத்தும், எம் பொண்டாட்டிதான் ஓட்டுவான்னு சொல்லச் சொல்றியா?”

பாவமாகத்தான் இருந்தது. கோபமும் அப்படியே இருக்கிறது.

நவம்பர் 13, வியாழன்

மழை விட்டது. மைதானம் சேறு. உயரே போய், மூக்கைக் கீழே கவிழ்த்து, வேகம் கூட்டும் த்ராட்டிலைக் குறைத்து, விழவிட்டு, தரைக்கு முன்னால் தூக்க வேண்டும். தூக்குவதில்தான் தகராறு. ஒன்று சீக்கிரம், இல்லாவிட்டால் சேறு. கட்டைவிரல் வலி. ஒரே ஒரு தடவை சரியாக வந்தது, அதுவும் எப்படி வந்ததென்று தெரியவில்லை.



நவம்பர் 15, சனி

ரிசார்ட். காலை முழுக்க மூடுபனி, நீச்சல்குளமே தெரியவில்லை. மேனேஜர் சின்ன வயசுக்காரர், வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் விலகியது.

“சார், எங்க நின்னு ஓட்டறீங்க?”

ச. காகிள்ஸைக் கையில் எடுத்தார். நான் காருக்குப் பக்கத்திலேயே நின்றேன். வேண்டுமென்றேதான். என்னைப் பார்த்தார். காகிள்ஸைத் தலை வரைக்கும் கொண்டுபோனவர் இறக்கிவிட்டார்.

“இதப் போட்டா எனக்கு வாந்தி வந்துருமுங்க. ஓட்டறது இவதான். போன்ல நான் சும்மா சொல்லிட்டங்க.”

முகமெல்லாம் வேர்வை. நான் எதிர்பார்த்த சந்தோஷம் எனக்கு வரவில்லை.

மேனேஜர் என்னை மேலும் கீழும் பார்த்து, “மேடமுங்களா? பழக்கம் இருக்குதுங்களா?” என்றார். காகிள்ஸையும் ரிமோட்டையும் வாங்கினேன்.

பாறை. கவிழ்த்தேன். மர உச்சிகள் எழுந்து வந்தன. தூக்கு, தூக்கு, தூக்கு. நடுவே புகுந்தது, ஒரு இலை அடித்தது, குளத்தின் நீலம். வந்துவிட்டது!

“இன்னொன்னு, இன்னும் பக்கத்துல” என்றார் மேனேஜர். பனி மறுபடி ஏறிக்கொண்டிருந்தது. முடியாது என்றேன். அவர் ச. பக்கம் திரும்பி, “சார், நீங்க சொல்லுங்க.”

“அவங்க முடியாதுன்னா முடியாதுங்க” என்றார் ச.

அவங்க. இத்தனை வருஷத்தில் என்னை அப்படிச் சொன்னதே இல்லை.

நவம்பர் 16, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. காலையிலேயே கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன்.

போச்சு. டிரோனின் மேலே படம் எடுக்க மாட்டிய கேமராவின் லென்ஸில் ஒரு சொட்டுப் பனித்தண்ணீர். முதலிலிருந்து கடைசி வரை நடுவிலேயே நிற்கிறது. பாறை, மரம், குளம் எல்லாம் கலங்கல். காகிள்ஸில் தெரிவது வேறு கேமரா, அதனால் பறக்கும்போது தெரியவில்லை. கிளப்பும் முன் ஒரு தடவை துடைத்திருந்தால் போதும். அழுகை வந்தது. அழவில்லை, காப்பி டம்ளரை ணங்கென்று வைத்தேன்.

“மெஷின்ல கோளாறுன்னு நான் சொல்லிக்கிறன்” என்றார் ச.

“வேண்டாங்க. நானே பேசறன்.”

பேசினேன். லென்ஸைத் துடைக்காமல் விட்டுவிட்டோம், மறுபடி எடுத்துத் தருகிறேன் என்றேன். மேனேஜர், “சார்கிட்டக் குடுங்க மேடம்” என்றார். அத்தனையும் பார்த்த பிறகும்.

“ஓட்டறது நாந்தாங்க. எங்கிட்டச் சொல்லுங்க.”



“வியாழக்கெழம வர முடியுங்களா மேடம்?”

பனி இல்லாவிட்டால் வருகிறேன் என்றேன்.