தலைவருக்குப் பதிலாக நான்

ஜூன் 29, 2024, சனி

கனடாவில் எங்கள் ஊர்ச் சங்கமான வாவிக்கரை ஒன்றியத்தின் உப தலைவியாக எனக்கு இது ஆறாவது வருடம். ஒன்றியத்தின் சட்டவிதிகளான யாப்பில் என் கடமை ஒரே வரிதான்: தலைவர் இல்லாதபோது அவருடைய பணிகளைச் செய்தல். தலைவர் கனகசிங்கம் அண்ணை ஒருநாளும் இல்லாமல் போனதில்லை. பனி கொட்டிய நாளிலும் பஸ் ஏறி வந்தவர். ஆகவே நன்றியுரை சொல்வதும் கூட்டத்தில் தின்ன றோல்ஸ் ஓடர் பண்ணுவதும்தான் என் ஆட்சி.

ஜூலை 7, ஞாயிறு

ஒன்றியத் தேர்தலுக்கான வேட்பாளர் கூட்டம். அண்ணையை எதிர்த்து நிற்கும் ராகுலன் நன்றாகப் பேசினான். திரும்பவும் தலைவர் பதவிக்கு நிற்கும் அண்ணை பேச்சின் பாதியில் நின்றுவிட்டார். பிறகு ஒரே ஆளுக்கு மூன்று தரம் நன்றி சொன்னார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். மெதுவாகக் கேட்டார்: “பிள்ளை, நான் எங்க விட்டனான்?”

ஜூலை 10

செயலாளர் நீக்கிலாஸ் போனில்: “அக்கா, அண்ணையை விலகச் சொல்லுங்கோ. நீங்கள் சொன்னாத்தான் கேப்பார்.”

சொன்னால், தலைவர் கதிரைக்கு ஆசைப்பட்டேன் என்பார்கள். சொல்லாவிட்டால், மனுசனை மேடையில் விட்டு வேடிக்கை பார்த்தேன் என்பார்கள்.

எனக்கு ஆசையே இல்லையா? — என் டயரிதானே. கொஞ்சம் இருக்கு.

ஜூலை 21, ஞாயிறு

அமெரிக்க ஜனாதிபதி போட்டியிலிருந்து விலகி, துணை ஜனாதிபதிக்கு ஆதரவு சொல்லிவிட்டாராம். மகள் தேனுகா ரீவியைக் காட்டினாள்: “அம்மா, லிற்றரலி இது நீங்கள்தான்.”

அதற்குப் பிறகு பதினொரு போன். ஒருவருக்கும் அமெரிக்காவைப் பற்றிக் கவலை இல்லை. “அப்ப அடுத்தது நீங்களோ?” கத்தரிக்காய் பொரிக்கிறேன் என்று சொல்லி வைத்தேன். கடைசியில் அது கருகியே போனது.

ஜூலை 23

பிக்கரிங்கில் அண்ணை வீடு. அஜக்ஸில் என் வீட்டிலிருந்து போகும் வழியெல்லாம், விலகச் சொல்வதைக் காருக்குள் பேசிப் பழகினேன். வாய் திறக்க முதலே கடிதத்தை நீட்டினார். விலகுகிறாராம். தனக்குப் பதிலாகத் தவமலரை, அதாவது என்னை, முன்மொழிகிறாராம்.

“என்னட்ட ஒரு சொல்லுக் கேக்கேல்லையே, அண்ணை?”

“கேட்டா மாட்டன் எண்டிருப்பாய்.”

“இல்லை. ஓம் எண்டிருப்பன்.”

என் வாயா அது? அண்ணை என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் சிரித்தோம். எனக்குக் கண்ணும் கலங்கியது.

ஜூலை 25

நிர்வாகக் குழுக் கூட்டம். நீக்கிலாஸ் எழும்புகிறார்: “அக்கா நல்லவ. ஆனா ராகுலனை வெல்ல வேணுமே. வேற பெரிய ஆள் ஆரையும் பாப்பமோ?”

அண்ணையை விலகச் சொல்லுங்கோ எண்டு போன் எடுத்த அதே வாய்! ஆறு வருசம் நான் கொண்டுவந்த றோல்ஸைத் திண்டிட்டு எப்பிடிச் சொல்ல மனம் வந்தது?

எழும்பினேன். “தலைவர் இல்லாட்டி ஆர் எண்டு யாப்பிலை கிடக்கு. வேற ஆள் வேணுமெண்டா முதல்ல யாப்பை மாத்துங்கோ. அதுவரைக்கும் நான் நிக்கிறன்.”

பொருளாளர் நபீலா தன் பக்கத்துக் கதிரையை எனக்காக இழுத்துப் போட்டாள்.

ஓகஸ்ட் 18

வாக்குக் கேட்டு நூற்று எண்பது வீட்டுக் கதவு தட்டியாயிற்று. கால் என்னுடையது மாதிரி இல்லை.

ஓகஸ்ட் 25, ஞாயிறு

ராகுலன் 112. நான் 121. ஒன்பது வாக்கால் வென்றிட்டேன்.

ஓகஸ்ட் 27

வேலையால் வந்து சப்பாத்துக் கழற்ற முதல் போன் அடித்தது.

“தலைவரோட ஒருக்காக் கதைக்கலாமோ?”

“கொஞ்சம் பொறுங்கோ, கனகசிங்கம் அண்ணையின்ர நம்பரைத் தாறன்,” என்று பழக்கத்தில் சொல்லத் தொடங்கினேன்.

மறுபக்கத்தில் அண்ணை இருமி இருமிச் சிரித்தார்.