தேவாலயத்துக்குப் பின்னால் சரிந்த மேடு

அன்புள்ள ஷாமிலாவுக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்ததா? நான் நலம்.

வட்டவளையில் மழை விடவில்லை. சபையில் ஆட்கள் கூடிவிட்டதால், தேவாலயத்தைப் பின்பக்கம் நீட்ட மேட்டை வெட்டினோம். நேற்று நாங்கள் தேத்தண்ணீர் குடிக்க அத்திவாரக் குழியிலிருந்து ஏறி வந்ததும், மேடு சரிந்து குழியை மூடிவிட்டது. யாருக்கும் ஒன்றுமில்லை. கழற்றி வைத்த சட்டையோடு என் போன் மட்டும் புதைந்தது. அதனால்தான் கடிதம்.

பாஸ்டரிடம், “ஞாயித்துக்கெழம உள்ளுக்கு ஆராதனை வேணாங்க ஐயா, மிச்ச மண்ணும் வந்துரும்” என்றேன்.

“இப்பவே பாதிச் சனம் எடமில்லாம மழையில நிக்கிதே, உள்ளுக்கும் வேணாம்னா எங்க போறது, ஜீவராஜ்” என்றவர், மேட்டை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். ஆராதனையைப் பாடசாலைக்கு மாற்றிவிட்டார்.

மேடு மறுபடி சரியாமலிருக்கக் கல்லால் அணை கட்ட வேண்டும். மேசன் நான் ஒருவன்தான். குழிக்குள் இறங்கத்தான் பயமாக இருக்கிறது.

கூட வேலை செய்யும் நிரஞ்சன் இந்தக் கடிதத்தோடு நம் ராகலைக்கு வருகிறான். அவனிடம் என் சுவெட்டரைக் கொடுத்தனுப்பு. அவன் எதையும் கூட்டிச் சொல்வான், நம்பாதே.

அவன் போகும் பஸ் வந்துவிட்டது. நம் லயத்து வீட்டுக்குப் பின்னாலும் மேடுதான், ஷாமிலா. மழை விடும்வரை பிள்ளைகளை முன்பக்கம் படுக்க வை.

உன்
ஜீவராஜ்