கூடத்து மாமியார்

நவம்பர் 4, திங்கள்
மகன் கூடத்துச் சுவரில் ஒரு பெட்டி மாட்டியிருக்கிறான். வீட்டில் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்று நொடிக்கு நொடி காட்டுமாம். குறைந்தால் பச்சை முகம் சிரிக்கும். கூடினால் சிவப்பு முகம் முறைக்கும். "என் மாமியார் போயி இருபது வருஷமாச்சு. திரும்ப வந்துட்டாங்க," என்றாள் இவள். என் அம்மாவைச் சொல்கிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

நவம்பர் 5
குறிப்பேட்டில் கட்டம் போட்டுவிட்டேன், அரைமணிக்கொரு அளவு. முப்பத்திரண்டு வருடம் வானிலை நிலையத்தில் மழைமானி பார்த்தவனுக்குப் பெரிய பதவி உயர்வு. இன்று 9.2 யூனிட். காலை ஆறரைக்கு மட்டும் மாமியார் கொதிக்கிறார்: ஹீட்டர். இவள் தினமும் முழங்கால் மூட்டை வெந்நீரில் வைக்காவிட்டால் அறுவை சிகிச்சைதான் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். மகனுக்கும் தெரியும். இருந்தும், "காலைல என்னப்பா இவ்வளவு சிவப்பு?" என்றான். "பாக்கறேன்ப்பா" என்றேன். என்னத்தைப் பார்க்கப் போகிறேன்?

நவம்பர் 11
ஆளில்லாத அறைகளில் விளக்கை அணைத்து வருகிறேன். ஆளிருந்த அறையிலும் ஒருமுறை. குளியலறைக்குள்ளிருந்து மருமகள்: "மாமா, நான் உள்ள இருக்கேன்." மன்னிப்புக் கேட்டேன், கதவிடம்.

நவம்பர் 14
7.1. பச்சை.

நவம்பர் 20
ஏழாவது நாளாகப் பச்சை. மகன் முதுகில் தட்டி, "கலக்குறீங்கப்பா" என்றான். எழுபத்துமூன்று வயதில் ஈயென்று இளித்தேன். அவன் அறையில் பகல் முழுக்க யாருமில்லாமல் ஓடும் கணினியைத் தனி வரியாக எழுதி, நாகரிகம் கருதி அழித்துவிட்டேன். சம்பாதிக்கிறவன் உடைத்தால் மண்குடம்.

டிசம்பர் 2
மின் அலுவலகக் கடிதம். அக்கம்பக்கத்து வீடுகளைவிட நாங்கள் சிக்கனமாம். அடுத்த வீட்டுக்காரரைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. இவள் இரண்டு நாளாகச் சுவரைப் பிடித்து நடக்கிறாள். குளிர்தான் காரணமோ?

டிசம்பர் 5
மருத்துவர் மூட்டை அழுத்தினார். "வெந்நீர்ல வைக்கறீங்களாம்மா?" இவள் என்னைப் பார்த்தாள். "இன்னும் ஒரு மாசம் பாப்போம். இப்படியே இருந்தா ஆபரேஷன்தான்."
வழியில் கேட்டேன். "விட்டு மூணு வாரமாச்சு," என்றாள். "பச்சை வந்தா சிரிக்கறீங்க. கல்யாணத்தன்னிக்குக்கூட நீங்க அப்படிச் சிரிக்கல. அதக் கெடுப்பானேன்?"
குறிப்பேட்டில் தேடினேன். பதினான்காம் தேதி, ஆறரை மணிக் கட்டம்: அளவு தரையில் கிடக்கிறது. என் கையெழுத்துதான். நான் அணைத்த விளக்கெல்லாம் சேர்ந்து கால் யூனிட் தேறாது. என்ன மனுஷன்யா நான் — ஜன்னலைத் திறக்காமல் மழைமானியைப் பார்த்து 'மழையில்லை' என்று எழுதுகிற ரகம்.

டிசம்பர் 6
ஹீட்டரை நானே போட்டேன். மகன் எழுந்து வந்தான். "என்னப்பா, மறுபடியும் சிவப்பு?"
"உங்கம்மா முட்டி மடங்கணும். சிவப்பாத்தான் இருக்கும்."
என் குரல்தானா என்று சந்தேகமாக இருந்தது. அவனுக்கும்.

டிசம்பர் 17
ஆறரை மணிக் கட்டம் இன்றும் காலி. அந்நேரம் குளியலறை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, வாளியிலிருந்து இவள் முட்டியில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். முழங்கால் நேற்றைவிட இரண்டு விரற்கடை கூடுதலாக மடங்கியது. கண்மதிப்புதான்.