அப்பாவின் வலது கண்

2025 பிப்ரவரி 3, காலை 6.40. இரண்டாம் சுற்றின் முதல் சொட்டு. இருபத்தெட்டில் ஒன்று.

ஏழு நாள், நான்கு வேளை. பிறகு மூன்று வாரம் ஓய்வு. கட்டியைக் கரைக்க, கண்ணில் விடும் கீமோ. கையுறை போட்டு நான்தான் விடுகிறேன். "எரியத்தான் செய்யுது. நீ விடுலே" என்கிறார் அப்பா.

பிப்ரவரி 5

எழுதிவிடுகிறேன். கண் மருத்துவமனைக்குப் போன முதல் நாள் டாக்டர் மதுமதி கேட்டார்: "முன்னாடி யார்கிட்டயாவது காட்டினீங்களா?"

"இல்லம்மா. நாந்தான் அசட்டையா இருந்துட்டேன்" என்றார் அப்பா.

பொய். இரண்டு வருடம் முன்பு, நான் வேலை பார்க்கும் மேலப்பாளையம் கண்ணாடிக் கடைக்கு வந்து காட்டினார். கண் பரிசோதிக்க ஆப்டோமெட்ரி படித்தவன் நான். கருவிழி ஓரத்தில் வெள்ளையாக ஒரு மேடு. "முப்பது வருசம் வெயில்ல நின்ன பி.டி. வாத்தியாருக்குச் சதை வளராம என்ன செய்யும்? போங்கப்பா" என்றேன். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை.

டாக்டர் கேட்டபோது பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

மார்ச் 10

மூன்று சுற்று முடிந்தது. கட்டி சுருங்கவில்லை. வெட்ட வேண்டும்.

மார்ச் 21

சுற்றியுள்ள நல்ல திசுவோடு சேர்த்து வெட்டி, ஓரங்களை உறையவைத்து, காயம் ஆற, பிரசவத்தில் தானமாகக் கிடைக்கும் பனிக்குடச் சவ்வை ஒட்டியிருக்கிறார்கள். சுத்தமான வேலை. எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஏப்ரல் 2

பயாப்ஸி முடிவு. புற்று வெள்ளை விழியைத் துளைத்து உள்ளே போயிருக்கிறது. உடம்புக்குப் பரவும் முன் கண்ணையே எடுக்க வேண்டும்.

"எடுத்துருங்கம்மா. விசில் அடிக்கதுக்குக் கண்ணு எதுக்கு?" என்றார் அப்பா. டாக்டர் சிரிக்கவில்லை.

ஆட்டோவில் சொன்னேன்: "டாக்டர்ட்ட உண்மையச் சொல்லிருதேன்பா."

"சொன்னா கண்ணு திரும்ப வருமாலே? ஒம் படிப்புக்குத்தான் கெட்ட பேரு. பேசாம இரு."

திட்டினால் என்ன? ஒரே ஒரு தடவை திட்டினால் என்ன—

ஏப்ரல் 11

எடுத்துவிட்டார்கள்.

ஏப்ரல் 16

செய்ய வேண்டியவை:

1. நாளை டாக்டரைத் தனியாகப் பார்ப்பது. முதலில் பார்த்தது நான் என்று சொல்வது. ஃபைலில் எழுதச் சொல்வது.

2. கடைப் பதிவேட்டில் நான் 'சதை' என்று எழுதி அனுப்பிய ஒவ்வொருவரையும் திரும்ப வரச்சொல்வது. நாற்பத்தொரு பேர்.

3. காலை, மாலை கட்டு மாற்றுவது.

4. அப்பாவுக்கு வலப்பக்கம் நின்றால் முதலில் குரல் கொடுப்பது. இன்று மருத்துவமனை வாசலில் அந்தப் பக்கம்தான் நின்றேன். "ஏலே ஜோஷுவா, எங்கன போன?" என்று இடப்பக்கமெல்லாம் தேடினார்.