தட்டு கதவைத் தாண்டும் வரைக்கும்

கீழ்ப்பிரிவு லயம்,
ஹாலிஎல.
2009 ஒக்டோபர்.

அன்பு மகள் நிரஞ்சலாவுக்கு,

எங்கள் முதலாளி சமையலறையில் மாட்டிய ஒரு திரை எங்களை வேலையை விட்டே துரத்தப் பார்த்தது. சுகம் விசாரிக்கும் முன்னாலேயே இதை எழுதிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. நான், அப்பா, தங்கச்சி மயூரி மூன்று பேரும் இங்கே சுகம், கத்தாரில் அந்த வெயிலிலும் அடுப்பிலும் நீ உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கவேண்டும் என்று கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். அப்பாவுக்கு இருமல் கொஞ்சம் குறைந்திருக்கிறது, ஆனால் தொழிற்சாலையில் தேயிலைத் தூசிக்குள் நிற்கிற மனுசனுக்கு அது முழுதாக எப்படிப் போகும். மயூரி பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருக்காமல் லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். கூரைத் தகரம் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது, தோட்டத்துத் துரையிடம் சொன்னோம், பார்க்கிறேன் என்றார், போன வருசமும் பார்க்கிறேன் என்றுதான் சொன்னார்.

இப்போது விசயத்துக்கு வருகிறேன். பதுளை டவுனில் நான் சமைக்கிற ஹோட்டலில் முன்பு வெயிட்டர்மார் ஜன்னலுக்குள் தலையை விட்டு ஒரு கொத்து ரொட்டி, ரெண்டு டெவல் சிக்கன் என்று கத்துவார்கள், நாங்கள் செய்வோம். முதலாளி கொழும்பில் எங்கேயோ பார்த்துவிட்டு வந்து, நீ சமைக்கிற கடையில் இருக்கிறதாகச் சொல்வாயே, அதே மாதிரிக் கொம்பியூட்டர்த் திரை ஒன்றை அடுப்புக்கு மேலே மாட்டினார். வெயிட்டர் வெளியே பதிந்தால் இங்கே ஒவ்வொரு ஓடரும் ஒரு பெட்டியாக விழும். முதலில் வெள்ளை, நேரம் போனால் மஞ்சள், அப்புறம் சிவப்பு, சிவப்பானதும் கீ கீ என்று சத்தம். சமைத்து முடித்தால் கீழே இருக்கிற பொத்தானை அழுத்தவேண்டும், பெட்டி போய்விடும். சாப்பாட்டுப் பேர்கள் எல்லாம் இங்கிலீசில், அதை ஸகீனா ஒரு காலையிலேயே எங்களுக்குப் பழக்கிவிட்டாள். என்னோடு சமைக்கிற டவுன் பிள்ளை அவள், வாய்க்காரி, நல்லவள்.

ஒரு மாதம் ஆனதும் முதலாளி எங்களைக் கூப்பிட்டு, உங்க பக்கம் பாதிக்கு மேல சிவப்பு, கஸ்டமர் ஏசுறாங்க, அடுத்த மாசம் கொழும்பிலிருந்து சமைக்கிறதுக்கு ரெண்டு கோக்கிமார் வர்றாங்க, நீங்க பாத்திரம் கழுவுற பக்கம் போங்க, இஷ்டம் இல்லாட்டி வீட்டுக்குப் போங்க என்றார். இத்தனை வருசம் இந்தக் கடையில் எல்லாரும் தேடி வந்து தின்றது எங்கள் கையால் செய்த சாப்பாட்டை. அவருடைய மைத்துனன் கிஷாந்தன்தான் வெயிட்டர்மாருக்குப் பெரியவன். அவன் பக்கத்தில் நின்று, தோட்டத்துக் கை மெதுவாத்தான் அசையும் மச்சான் என்று சிரித்தான். மலையில் நாங்கள் தேயிலைக் கொழுந்து எடுத்த வேகத்துக்கு அவனால் பாக்குக் கூட மெல்ல முடியாது. எங்கள் கை பிந்தவில்லை என்று எனக்குத் தெரியும், திரை ஏன் சிவக்கிறது என்றுதான் தெரியவில்லை.

அதைக் கண்டுபிடித்தது திரையை மாட்டிவிட்டுப் போய், மறுபடி சரிபார்க்க வந்த கொழும்புப் பையன். இந்த அம்மாமார் பொத்தானைப் பிழையா அழுத்துறாங்க, சமைச்ச உடனே அழுத்தணும், இவங்க தட்டு வெளியே போற வரைக்கும் பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க என்றான். உண்மைதான். அது எங்களில் யாரும் பேசி முடிவெடுத்த காரியம் இல்லை. நானும் எங்களோடு நிற்கிற யோகம்மாவும் தோட்டத்தில் கொழுந்து எடுத்த ஆட்கள், கொழுந்தை நிறுத்து எங்கள் பேருக்குப் பக்கத்தில் எடையைப் பதிகிற வரைக்கும் கூடையை விட்டு நகரமாட்டோம். நகர்ந்தால் தண்ணீர் என்று ஒரு கிலோ, முற்றல் என்று ஒரு கிலோ கழித்துவிடுவார்கள். அந்தப் பழக்கம் அடுப்படிக்கும் கூடவே வந்துவிட்டது, எங்களைப் பார்த்து ஸகீனாவும் அப்படியே செய்தாள். தட்டு கதவைத் தாண்டினதைக் கண்ணால் பார்த்தால்தான் அழுத்துவோம். கிஷாந்தன் கைகொட்டி, அடுப்படியில கொழுந்து நிறுக்கிறாங்கடா என்று கத்தினான், எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அப்போதுதான் விளங்கியது. சமைக்கிறதற்கும் தட்டு போகிறதற்கும் நடுவில் இருக்கிற நேரம் எங்களுடையது இல்லை.

நான் முதலாளியிடம் நேரே சொன்னேன், முதலாளி, நீங்க மேல கொம்பியூட்டரில பார்க்காதீங்க, ஞாயிறு மத்தியானம் இங்க வந்து என் பக்கத்துல நில்லுங்க, அப்பவும் எங்க கைதான் பிழைன்னா நானே ஏப்ரனைக் கழற்றி வச்சிட்டுப் போறேன் என்றேன். யோகம்மா என் சேலையைப் பிடித்து இழுத்தாள், பயந்துவிட்டாள், அவளுக்கு இந்த வேலை போனால் வேறு ஒன்றும் இல்லை. எனக்கும் இல்லைதான். ஆனாலும் அவர் வந்தார். எல்ல அருவி பார்க்க வந்த ஆட்கள் ஒரு பஸ் நிறைய உள்ளே ஏறியிருந்தார்கள், திரை முழுக்கப் பெட்டி. நாங்கள் மூன்று பேரும் வாய் திறக்காமல் வேலை செய்தோம், கொத்து, ப்ரைட் ரைஸ், டெவல், ஒவ்வொரு தட்டும் பெட்டி வெள்ளையாக இருக்கும்போதே முடிந்தது, மேசையில் வைத்து மணியை அடித்தோம். யாரும் வரவில்லை. மறுபடி அடித்தோம். கொத்தில் ஆவி அடங்கியது, பெட்டி மஞ்சளாகி அப்புறம் சிவந்தது, கீ கீ என்று கத்தத் தொடங்கியது. முதலாளிக்கு அனலில் சட்டை முதுகோடு ஒட்டிப் போச்சு. அழுத்துங்க என்றார். தட்டு போகலையே முதலாளி என்றேன்.

அவர் கதவைத் திறந்து பார்த்தார், நாங்களும் எட்டிப் பார்த்தோம். கிஷாந்தனும் மற்ற இரண்டு வெயிட்டர்மாரும் காசு மேசைக்குப் பக்கத்தில் டிவிக்குக் கீழே வரிசையாக நின்று கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி திரும்பி வந்து தட்டுகளை இரண்டு கையிலும் எடுத்துக்கொண்டு தானே போனார். மகளே, அதை நீ பார்த்திருக்கவேண்டும். பஸ்ஸில் வந்த ஒரு அம்மா அவரைப் பார்த்து, ஏய் தம்பி, தண்ணி எங்க, எவ்வளவு நேரமா கேக்குறோம் என்று ஏசினார். ஸகீனா திரும்பி நின்று வாயைப் பொத்திக்கொண்டு, முதலாளி நல்லா வேலை பழகுறாரு, வச்சுக்கலாம்டி என்றாள், எனக்கு எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இப்போது கொழும்புக் கோக்கிமார் வரமாட்டார்கள். வெளியே வெயிட்டர்மார் பக்கமும் ஒரு திரை மாட்டியாச்சு, நாங்கள் சமைத்ததும் அழுத்தினால் பெட்டி அவர்கள் பக்கம் போகும், தட்டை எடுத்ததும் அவர்கள் அழுத்தவேண்டும். கீ கீ என்றதும் கிஷாந்தன் ஓடுகிற ஓட்டத்தைப் பார்க்கத் தோட்டத்திலிருந்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு வரலாம் போல இருக்கிறது. யோகம்மா இப்போது நிமிர்ந்து நடக்கிறாள். ஒன்று மட்டும் எனக்குப் பொறுக்கவில்லை, முதலாளி போகிற இடமெல்லாம் மெஷின் உண்மையைக் காட்டிக் கொடுத்துச்சு என்று சொல்கிறார். மெஷின் எங்களைத்தான் காட்டிக் கொடுத்தது. எல்லாரும் சிரிக்கச் சிரிக்கப் பொத்தானை அழுத்தாமல் நின்றது நாங்கள். அதை அவர் வாயால் சொல்ல மாட்டார், சொல்லாவிட்டால் போகட்டும், ஊர் சொல்கிறது. ஹாலிஎல பஸ்ஸில் எனக்கு எழும்பி இடம் கொடுக்கிறார்கள்.

இதையெல்லாம் போனில் சொல்லாமல் எழுதுகிறதற்குக் காரணம் உண்டு. போன கிழமை போனில் பேசும்போது, எங்க பக்கமும் சிவப்புத்தாம்மா, எனக்கு ரெண்டு தடவை எழுத்துல எச்சரிக்கை குடுத்துட்டாங்க, மூணாவது வந்தா ஊருக்கு அனுப்பிடுவாங்க என்று சொல்லி அழுதாய், அதற்குள் போன் கார்ட்டில் காசு முடிந்துவிட்டது. நான் இராப்பகலாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். உன் கையை எனக்குத் தெரியும், அது பிந்துகிற கை இல்லை. மனேஜர் சத்தம் போட்டால் தலையைக் குனியாதே, மன்னிப்புக் கேட்டு எதிலும் கையெழுத்துப் போடாதே. வேளைக்குச் சாப்பிடு, எண்ணெய்ப் பக்கம் நிற்கும்போது முழுக்கைச் சட்டை போடு, அப்பா கேட்கிறார், ஒரு போட்டோ அனுப்பு. நீ போகிற இடமெல்லாம் தலை நிமிர்ந்து நிற்கவேண்டும், எந்தத் தீங்கும் உன்னை அண்டக் கூடாது, அப்பாவும் நானும் மனம் நிறைந்து ஆசீர்வதிக்கிறோம்.

உன் அம்மா,
இராக்கம்மா

உறையை ஒட்டுமுன் கேட்கிறேன். உங்கள் கடையில் நீ சமைத்து வைத்த தட்டை எடுக்கவேண்டியவன் அந்த நேரத்தில் எங்கே நிற்கிறான்? கதவைத் திறந்து உன் கண்ணால் பார். பார்த்துவிட்டு, யாருக்கும் பயப்படாமல், அவன் பேரை எனக்கு எழுது.