நல்ல தமிழில் மாற்றிய கடிதங்கள்

நவம்பர், செவ்வாய்க்கிழமை

எல்லாம் போயிற்று. வேளச்சேரி செல்வி அக்காவின் அம்மா, பம்பாயில் வேலை பார்த்த கணவருக்கு, பேசுகிற மெட்ராஸ் பாஷையிலேயே எழுதிய கடிதங்கள். அந்தக் காலத்துப் பேச்சு எழுத்தில் கிடைப்பதே அபூர்வம். என் ஆய்வேடே அவற்றை நம்பித்தான் இருந்தது.

போன வாரம் அக்கா ஒன்றை மட்டும் காட்டினார். மீதியைத் தேடி வைப்பதாகச் சொன்னார். இன்று போனால் ஒரு புது நோட்டை நீட்டினார். அத்தனை கடிதங்களையும் மகளை விட்டு நல்ல தமிழில் மாற்றி எழுத வைத்திருக்கிறார்.

“பழசெல்லாம் எங்கேக்கா?”

“அத்தயெல்லாம் கிழிச்சிப் போட்டுட்டேம்மா. காலேஜ்ல நாலு பேரு படிக்கிறது. எங்கம்மாவப் பாத்து சிரிச்சிடப் போறாங்கோ. இப்ப நல்லா கீதா?”

நன்றாக இருக்கிறது என்றேன். வேறு என்ன சொல்ல? வெள்ளிக்கிழமை அத்தியாயத்தைக் கொடுத்தாக வேண்டும். கையில் ஒன்றும் இல்லை.

அவர் மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை? நானும் அடையாற்றங்கரைக் குடிசையில் பிறந்தவள்தான். என் அம்மா இன்றைக்கும் அப்படித்தான் பேசுகிறாள். அதை மறைத்துக்கொண்டு, அவரிடம் காலேஜ் தமிழிலேயே பேசினேன்.

முதல் நாளே “இன்னாக்கா, நல்லா கீறியா?” என்று கேட்டிருந்தால், கிழித்திருக்க மாட்டார்.