கைக்குட்டையில் சுற்றிய சாவிக்கொத்து

அக்கா,

துணிப்பெட்டியை ஒழிக்கும்போது உங்கள் கைக்குட்டை அகப்பட்டது. பினாயில் வாசனை இன்னும் முழுசாகப் போகவில்லை. நீங்கள் காய்ச்சலில் தவறிப்போய் எட்டு மாதமாகிறது. ஒரு வரி எழுத எனக்கு இப்போதுதான் கை வந்தது.

பட்டணத்துப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தீர்கள். வார்டுச் சாவியைக் கைக்குட்டையில் சுற்றித்தான் இடுப்பில் செருகுவீர்களாம். "கலகலன்னா எங்க வார்டு ஜனங்க நடுங்கிப்பூடுவாங்கம்மா" என்பீர்கள். லீவில் திருத்தணிக்கு வந்தாலும் வீட்டுச் சாவிக்கும் அதே மரியாதைதான்.

என் பெண் பிறந்து அப்போது மூன்று மாதம். மூச்சு விடுகிறதா என்று பார்க்க, தூங்குகிற பிள்ளையைத் தட்டி எழுப்பிக்கொண்டே இருந்தேன். அவளுக்கும் தூக்கமில்லை, எனக்கும் இல்லை. பயந்துபோன மாமியார் எதிர்வீட்டிலிருந்து உங்களைக் கூட்டி வந்தார். என்னைப் பிள்ளையிடமிருந்து பிரித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத்தான் வந்தீர்கள் என்று நினைத்துவிட்டேன். குழந்தையை அள்ளிக்கொண்டு சாமான் அறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டேன்.

கதவை இடித்த மாமியாரை உள்ளே அனுப்பிவிட்டு, சன்னலுக்கு வெளியே உட்கார்ந்து வேர்க்கடலை உரித்தீர்கள். பிறகு கம்பி வழியாக உங்கள் வீட்டுச் சாவிக்கொத்தைக் கைக்குட்டையோடு நீட்டினீர்கள்.

"இந்தா, நீயே வெச்சிக்கோ. சாவி யாரு கையில இருக்குதோ அவங்கதான் நர்ஸு. நான் வெயில்ல காஞ்சிகினு கீறேன், எப்ப உள்ள உடுவே?"

சிரித்துவிட்டேன். கதவைத் திறந்தேன்.

"எனக்குப் பைத்தியம் பிடிச்சிடுச்சாக்கா?"

"பயந்தவங்களுக்கெல்லாம் எங்க வார்டுல கட்டில் போட்டா மொத கட்டிலு எனக்குத்தான். பி.ஏ. படிச்சா மட்டும் தூங்காம இருந்துட முடியுமா?"

விளக்கு வைக்கும்வரை பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு என்னைத் தூங்க வைத்தீர்கள். போகும்போது சாவியை வாங்கிக்கொண்டு கைக்குட்டையை என்னிடமே விட்டீர்கள். "புள்ள வயித்து மேல கைய வை, எழுப்பாதே. உன் மூச்சு பத்து எண்ணு. அப்புறம் கைய எடுத்துடணும். அதான் கஷ்டம்."

கஷ்டந்தான், அக்கா. அவளுக்கு மூன்று வயதாகியும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். இன்று மத்தியானமும் தூங்குகிறாளே என்று வயிற்றில் கை வைத்தேன். ஏழாவது மூச்சில் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"எண்ணி முடிச்சிட்டியாம்மா?"

"ஆங், முடிச்சிட்டேன்" என்றேன். மூன்று மூச்சு மிச்சமிருக்கும்போதே கையை எடுத்துவிட்டேன்.